டைமிங் பெல்ட் மாற்றும்போது வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்ற வேண்டுமா?

டஸ்டர்_2014:

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2014 டஸ்டர், 85 பிஎஸ் டீசல், 91,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டைமிங் பெல்ட், அதாவது இன்ஜினில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே கணக்கில் நகரவைக்கும் பல் பெல்ட், இதுவரை மாற்றியதே இல்லை. சர்வீஸுக்கு விட்ட இடத்தில், இனியும் தள்ளிப் போடாதீர்கள் என்றார்கள், சரி என்றேன். ஆனால் எஸ்டிமேட்டைப் பார்த்தால் பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், கூலண்ட்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப், வெளியே ஓடும் ஆல்டர்னேட்டர் பெல்ட், கிராங்க் புல்லி போல்ட், கூலண்ட், அப்புறம் தெர்மோஸ்டாட், நான்கு ஹீட்டர் பிளக் என்று நீண்டுகொண்டே போகிறது. பம்பில் ஒரு சொட்டுக் கசிவு கிடையாது, இன்ஜின் ஒருநாளும் சூடானதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை எதற்குக் கழற்றிப் போட வேண்டும்? இதில் எது நிஜமாகவே தேவை, எது வேண்டாம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய_ஸ்பேனர்:

தம்பி, நான் 20 வருடத்துக்கு மேல் வொர்க்ஷாப்பில் இருக்கிறேன். உங்கள் வண்டியில் இருப்பது ரெனோவின் 1.5 டீசல் இன்ஜின், சன்னி, டெரானோ, லோகன் டீசலிலும் இதுதான். இதில் வாட்டர் பம்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான். பம்பை எட்ட வேண்டுமென்றால் வலது முன் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரை எடுத்து, ஆயில் சம்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்து, அந்தப் பக்க இன்ஜின் மவுண்ட்டைப் பிரித்து, கிராங்க் புல்லியைக் கழற்றி, கவரைத் திறந்து, டைமிங்கை லாக் பின் போட்டு நிறுத்தி, பெல்ட்டை இறக்க வேண்டும். இவ்வளவையும் இப்போது பெல்ட்டுக்காகச் செய்யத்தான் போகிறீர்கள். அதன் பிறகு பம்புக்கு மிச்சம் இருப்பது கூலண்ட்டை இறக்குவதும் சில போல்ட்டுகளும்தான். ஆறு மாதம் கழித்து பம்ப் மட்டும் கசிந்தால் அதே வேலைக்கு முழு லேபர் மறுபடியும் கொடுப்பீர்கள், கூலண்ட் பட்ட பெல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது என்பதால் புது பெல்ட்டும் வீண்.

டென்ஷனரும் அப்படித்தான். அதன் பேரிங்கும் 91,000 ஓடியதுதானே. கிராங்க் புல்லி போல்ட் இறுக்கும்போதே இழுபட்டு நீளும் வகை, பழையதைத் திரும்பப் போடக்கூடாது. ஆல்டர்னேட்டர் பெல்ட்டை எப்படியும் கழற்றியாக வேண்டும், புதிதாகவே போட்டுவிடுங்கள். அது பிய்ந்து நார் கிராங்க் புல்லிக்குப் பின்னால் உள்ளே போய் டைமிங் பெல்ட்டைப் பல் தாண்டவைத்த வண்டிகளை நானே பிரித்திருக்கிறேன்.

தெர்மோஸ்டாட் இன்ஜினின் மறுகோடியில், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. வண்டி நேரத்துக்குச் சூடாகி அந்தச் சூட்டிலேயே நின்றால் தொட வேண்டாம். ஹீட்டர் பிளக்குக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகிறது என்றால் எஸ்டிமேட்டிலிருந்து தயங்காமல் அடித்துவிடச் சொல்லுங்கள்.

துவரங்குறிச்சி_ரோடு:

நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்களாவது படாமல் இருங்கள். எனக்கும் இதே இன்ஜின். 82,000-ல் பெல்ட் மட்டும் போதும் என்று நானே அடம்பிடித்து மாற்றினேன். 1,06,000-ல் மதுரை போகும்போது விராலிமலை தாண்டியதும் முன்பக்கம் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம், என்ன என்று யோசிப்பதற்குள் இன்ஜின் அணைந்துவிட்டது. பம்ப் பேரிங் பிடித்துக்கொண்டு பெல்ட்டின் பற்களை வழித்து எடுத்திருக்கிறது. இந்த இன்ஜினில் பெல்ட் போனால் பிஸ்டன் வால்வில் போய் இடிக்கும், எட்டு வால்வில் ஆறு வளைந்திருந்தன. டோ வண்டிக்கு மூன்று மணி நேரம் வெயிலில் அம்மாவையும் குழந்தைகளையும் நிறுத்திவைத்ததை இன்னும் மறக்க முடியவில்லை. ஹெட் வேலை எல்லாம் சேர்த்து 58,000 ஆனது. அன்று பம்புக்கு என்று நான் மிச்சம் பிடித்தது 3,200 ரூபாய்.

கிளட்ச்_கணக்கு:

கிளட்சிலும் இதே விஷயம்தான். கியர்பாக்ஸை இறக்கிய அன்றைக்கே டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் போட்டு, கிராங்கின் பின்பக்க ஆயில் சீலில் ஈரம் இருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும். ஆனால் எல்லா வண்டிக்கும் பெல்ட்டோடு பம்ப் என்று சொல்ல முடியாது. என் ஸ்விஃப்ட் 1.3 டீசலில் டைமிங் செயின், பம்ப் வெளி பெல்ட்டில் ஓடுகிறது, கெட்டுப்போகும்போது தனியாகவே மாற்றிக்கொள்ளலாம். டஸ்டர் நண்பருக்கு இன்னொன்று, கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். 2014 ரப்பர் அது. கிலோமீட்டர், வருடம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு, வருடக் கணக்கில் நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள்.

டஸ்டர்_2014:

எல்லோருக்கும் நன்றி. தெர்மோஸ்டாட், ஹீட்டர் பிளக் இரண்டையும் எடுத்துவிடச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் மாற்றியாகிவிட்டது, மொத்தம் 17,800. நேற்று கூடவே நின்று பார்த்தேன். பெல்ட்டின் முதுகில் நகக்கீறல் போல வரிவரியாக வெடிப்பு. கசிவே இல்லை என்று நான் சொன்ன பம்பைக் கையில் கொடுத்தார்கள். அடியில் இருக்கிற சின்ன ஓட்டைக்குக் கீழே கூலண்ட் காய்ந்து உப்புப் பூத்த மாதிரி ஒரு கோடு, பம்பின் வீலை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினால் லேசாக ஆடுகிறது. கவருக்குள் இருப்பதால் வெளியிலிருந்து தெரியவே தெரியாது போல. பழைய ஸ்பேனர் அண்ணா, கூலண்ட் மட்டம் இன்று காலை ஒரு விரல் அளவு இறங்கியிருக்கிறது, பயப்பட வேண்டுமா?

பழைய_ஸ்பேனர்:

வேண்டாம் தம்பி. உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்போது முதல் சில நாள் கொஞ்சம் இறங்கும். இன்ஜின் முழுசாக ஆறியபிறகு மூடியைத் திறந்து, அவர்கள் ஊற்றிய அதே கூலண்ட்டை மட்டக்கோடு வரை ஊற்றுங்கள். ஒரு தடவை ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, ஆறியதும் மறுபடி பாருங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் வண்டியை அங்கேயே கொண்டுபோய்க் காட்டுங்கள்.