தீவனத்தில் சேர்க்கும் நொதிக்கு என்ன பெயர்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கொடுவா மீன் பொரிப்பகப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். பொரித்துச் சில நாளே ஆன கடல்மீன் குஞ்சுக்கு இரைப்பை உருவாகியிருக்காது, புரதத்தைச் செரிக்கும் நொதியான (என்சைம்) பெப்சினும் இராது. கணையம் சுரக்கும் டிரிப்சின் என்ற நொதியை நம்பியே காலம் தள்ளும். ரொட்டிஃபர், ஆர்ட்டீமியா ஆகிய நுண்ணிய உயிர் இரைகளைத் தின்று தேறும் அதே குஞ்சு, செயற்கை நுண்தீவனத்தை விழுங்கியும் செரிக்கமாட்டாமல் மெலிகிறது. அதனால் பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த நொதித்தூளைத் தீவனத்திலேயே கலந்து பார்க்கிறார்கள். 1993இல் வெளிவந்த ஆய்வொன்றில், இப்படிக் கலந்ததால் கில்ட்ஹெட் சீபிரீம் என்னும் கடல்மீனின் குஞ்சுகள் தீவனத்தைத் தன்வயமாக்குவது ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியது. ஐரோப்பியக் கடற்கொடுவாயிலோ பயன் தெரியவில்லை.

மீனின் உடலில் சுரக்காமல் தீவனம் வழியாக உள்ளே போகும் இந்த நொதியைப் ‘புறநொதி’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

மறு:

அன்புடையீர், பொருந்தாது. உயிரணுவுக்கு வெளியே சென்று செயற்படும் நொதியையும் அப்படித்தான் சொல்ல நேரும். அந்தக் கணக்கில் குஞ்சின் சொந்த டிரிப்சினும் புறநொதியே. ‘துணைநொதி’ ஏற்கெனவே நொதிக்குத் துணைநிற்கும் கோஎன்சைமுக்குப் பெயராகிவிட்டது. ‘முன்செரி தீவனம்’ என்று யாரேனும் சொல்லுமுன் நானே மறுத்துவிடுகிறேன்: அது புரதத்தை முன்கூட்டியே உடைத்துத் தரும் தீவனம், வேறு பொருள்.

‘ஊட்டுநொதி’ என்பது என் பரிந்துரை. வினைத்தொகை. நொதியா ஊட்டுகிறது என்று கேட்பீர்கள். கடிநாயில் நாய் கடிக்கிறது. குடிநீரில் நீரா குடிக்கிறது? ஊட்டப்படும் நொதியும் ஊட்டுநொதியே. ‘செரிநொதி’யில்தான் உண்மையான இடர்ப்பாடு: செரிக்கும் நொதியா, செரித்துப்போன நொதியா? நொதியும் புரதமாதலால் இரண்டாவது பொருளும் பொய்யில்லை.

நிற்க, குஞ்சு என்பதையும் மாற்றலாம். இலங்கைப் பாடநூல்களில் உள்ள ‘குடம்பி’ எவ்வளவு அழகான சொல்! 338ஆம் குறளின் ‘குடம்பை’யைப் பரிமேலழகர் முட்டை என்றே கொள்கிறார். முட்டையை விட்டு வந்தது குடம்பி. இந்த வேர்விளக்கம் என்னுடையது, மறுப்போர் மறுக்கலாம்.

மறு: மறு:

ஐயா, குறளுக்கு மறுப்பில்லை. ஆனால் நான் பொரிப்பகத்தில் பணியாற்றுபவள். இருநூறு மைக்ரான் தூளைத் தொட்டியில் தூவினால், அதிலுள்ள நொதி சில நிமிடங்களிலேயே தண்ணீரில் கரைந்து வெளியேறத் தொடங்கிவிடும். குஞ்சின் வாய்க்குள் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதே எங்கள் கவலை. ஆகவே ‘ஊட்டு’ என்பது நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்கிறது.

இன்னொன்று. சென்ற ஆண்டு ஒரு வாளியின் மேல் ‘நொதி கலந்தது’ என்று நானே எழுதி ஒட்டினேன். காலை முறைக்கு வந்த பையன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தீவனம் நொதித்துப் புளித்துவிட்டதென்று முழுவதையும் குழியில் கொட்டிவிட்டான். அவன் மேல் தவறில்லை. மாவு நொதிப்பதைத்தான் அவன் வீட்டில் கேட்டிருக்கிறான். ‘என்சைம்’ என்றால் அவனுக்குப் புரியும்.

மறு: மறு: மறு:

அம்மா, அந்தப் பையனின் காது பழுதற்றது. ஜெர்மானிய உடலியலாளர் கூனே 1877இல் கிரேக்கத்திலிருந்து ‘என்சைம்’ என்ற சொல்லை ஆக்கியபோது ‘புளிப்புமாவில் உள்ளது’ என்றே பொருள் வைத்தார். அவன் தமிழில் கேட்டதை நீங்கள் கிரேக்கத்தில் சொல்லச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். குழப்பம் தருவது நொதி என்றால், ‘நொதியம்’ என்று யாழ்ப்பாணத்தார் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈற்று ‘அம்’ புளித்த மாவிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும்.

மறு: மறு: மறு: மறு:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவுவரை வந்த பதினோரு மடல்களில் ஏழு ஊட்டுநொதியின் பக்கம் நிற்கின்றன. அவற்றில் மூன்று ‘வேறு வழியில்லை’ என்கின்றன. கையேட்டில் ‘ஊட்டுநொதி’ என்றே அச்சிடுகிறேன். பின்னிணைப்பில் உள்ள வாளிச் சீட்டு மாதிரியில் மட்டும் ‘என்சைம் கலந்த குஞ்சுத் தீவனம், புளித்ததன்று’ என்று இருக்கும். நொதியத்தை மறுபதிப்பில் பார்ப்போம். குடம்பியை எடுக்கவில்லை, ஐயா பொறுத்தருள்க.

மறு: மறு: மறு: மறு: மறு:

பொறுத்தேன். ஆயினும் ஏட்டில் ஒரு சொல், வாளியில் ஒரு சொல் என்பதற்கு நான் உடன்படவில்லை என்பதைக் குழு பதிந்துகொள்ள வேண்டும்.