பொருள்: மறு: விரிசல், விள்ளல், ஏடுவிடல் – மனுவில் எதை எழுத?

குழுமத்தாருக்கு வணக்கம்.

மூன்று நாளாக வந்த மடல்களுக்கு ஒன்றாகவே பதில் எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: புளியரை எஸ் வளைவு ஏறும்போது என் மலைச் சைக்கிளில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தது. செயின்தான் என்று எண்ணெய் விட்டு இரண்டு வாரம் ஓட்டினேன். பிறகு குனிந்து பார்த்தால், பெடல் அச்சுக்கூட்டை ஒட்டி, செயின்ஸ்டே (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்) தொடங்கும் இடத்தில் கார்பன் ஃபிரேம் விட்டுப்போயிருக்கிறது. படம், ரசீது, அச்சுக்கூட்டுக்கு அடியில் இருக்கும் வரிசை எண் எல்லாம் டீலர் வழியாக அனுப்பினேன். 'மோதல் சேதம், உத்தரவாதத்தில் வராது' என்று ஒரே வரியில் பதில். நுகர்வோர் ஆணையத்துக்குத் தமிழிலேயே மனு எழுதலாம் என்று உட்கார்ந்தவன், இந்தச் சேதத்துக்கு எந்தச் சொல்லை எழுதுவது என்று தெரியாமல் முதல் பத்தியிலேயே நின்றுவிட்டேன்.

> விரிசல் என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே?

போகலாம். ஆனால் விரிசல் என்ற ஒரே பெயரில் மூன்று சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. மேலே பெயிண்ட் மட்டும் கீறுவது ஒன்று. அதற்கு யாரும் ஃபிரேம் மாற்றித் தரமாட்டார்கள், தரவும் வேண்டாம். உள்ளே கார்பன் இழையே அறுவது இன்னொன்று. மூன்றாவதுதான் என்னுடையது. கார்பன் ஃபிரேம் என்பது ரெசினில் (பிசினில்) ஊறிய இழைத் தாள்களை வெவ்வேறு கோணத்தில் அடுக்கி, அச்சில் வைத்து, அழுத்தத்திலும் சூட்டிலும் இறுக வைத்தது. அந்த அடுக்குகளுக்கு இடையே ஒட்டு விட்டுப்போனால் வெளியே பெயிண்ட் பளபளவென்றே இருக்கும். நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இடத்தில் 'ணங்', கெட்ட இடத்தில் 'பொத்'. பானையைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான். (பலாப்பழத்துக்கு 'பொத்' நல்லது, ஃபிரேமுக்கு ஆகாது.) காது ஏமாற்றும் என்பதால் முறையாகப் பார்ப்பவர்கள் மீயொலிக் கருவி வைத்துப் பார்க்கிறார்கள்.

முதலாவதைப் பூச்சுக்கீறல், இரண்டாவதை இழைமுறிவு என்று எழுதிக்கொள்கிறேன். இவற்றில் யாருக்கும் தகராறு இல்லை என்று நம்புகிறேன்.

> எல்லைக்கு அந்தப் பக்கம் விள்ளல் என்கிறார்கள். தமிழ்ச் சொல்தானே, எடுத்துக்கொள்ளலாமே?

ஆரியங்காவு பட்டறைக்காரரும் பார்த்தவுடன் 'விள்ளல்' என்றுதான் சொன்னார். விள் என்ற வேர் நமக்கும் உரியதே. 'கண்டவர் விண்டிலர்' என்பதில் இருக்கும் அதே விள். ஆனால் மலையாளத்தில் அது எந்த வெடிப்புக்கும் பொது. செங்கோட்டையிலோ விள்ளல் என்றால் இட்லிதான். 'என் ஃபிரேமில் ஒரு விள்ளல்' என்று எழுதினால், மிச்சம் எங்கே என்று கேட்பார்கள்.

> அடுக்குப் பிரிப்பு என்றால் தெளிவாக இருக்கிறது.

இதில்தான் எனக்குப் பெரிய மனத்தடை. பிரிப்பு பிறவினை. பிரித்தவன் ஒருவன் உண்டு என்று சொல்லே காட்டிக்கொடுக்கிறது. நிறுவனம் சொல்வதும் அதுதானே: நீ மோதினாய், நீ பிரித்தாய். கல் தெறித்தும் அடுக்கு விலகும். செய்யும்போதே உள்ளே காற்று சிக்கியிருந்தாலோ ரெசின் போதாமல் இருந்தாலோ அங்கிருந்தும் தொடங்கும். எது காரணம் என்பதே வழக்கு. சொல் முன்கூட்டியே தீர்ப்பு எழுதக்கூடாது. மருத்துவர் 'எலும்பு முறிவு' என்று எழுதுகிறார். 'முறிப்பு' என்று எழுதுவதில்லை.

ஆகவே என் பரிந்துரை: ஏடுவிடல். மழையில் நனைந்த பிளைவுட்டைப் பார்த்து ஆசாரி 'ஏடு ஏடா விட்டுப்போச்சு' என்பார். பாலேட்டில் இருக்கும் ஏடுதான், மெல்லிய படலம்.

உத்தரவாதத்துக்குப் பதிலாகப் பொறுப்புறுதி என்று ஒருவர் தந்திருந்தார். நல்ல சொல். ஆனால் ரசீதில் உத்தரவாதம் என்று இருக்கிறது, மனுவில் மாற்றப்போவதில்லை.

– செங்கோட்டையிலிருந்து

---

தம்பி,

தன்வினை பற்றிச் சொன்னது சரி, முழுக்க ஏற்கிறேன். ஆனால் ஏடுவிடல் வேண்டாம். 'ஏடு விட்டார்' என்றாலே எனக்குச் சம்பந்தர் வைகையில் ஏடு விட்டதும், அது எதிர்நீச்சலில் போய்த் திருவேடகத்தில் ஒதுங்கியதும்தான் கண்முன் வருகிறது. அங்கே விட்டவர் ஒருவர் இருக்கிறார்! நீங்கள் எதைத் தவிர்க்க நினைத்தீர்களோ அதுவே பின்வாசல் வழியாக வருகிறது. விலகு தன்வினை, விலக்கு பிறவினை, ஐயத்துக்கே இடமில்லை. ஏடுவிலகல் என்று வையுங்கள்.

– கம்பத்திலிருந்து

---

அண்ணா, சொல் பக்கம் நான் வரவில்லை. இரண்டு விஷயம் மட்டும்.

சைக்கிள் வாங்கியது கொல்லத்தில் என்பதற்காக அங்கே போய் வழக்குப் போட வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவையுங்கள்.

இன்னொன்று, பெயிண்டைச் சுரண்டி உள்ளே பார்க்கிறேன் என்று உப்புத்தாளை எடுத்துவிடாதீர்கள். ரிப்பேர்க்காரர் தேய்த்து, மேலே புதுக் கார்பன் துணி ஒட்டித் தருவார். பிறகு எது நிறுவனம் செய்தது, எது அவர் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஓட்டவும் வேண்டாம். இரும்பு வளைந்து காட்டும். கார்பன் சொல்லாமல் போய்விடும்.

– பொள்ளாச்சியிலிருந்து

---

ஐயா, திருவேடகத்தை நான் யோசிக்கவே இல்லை. தோற்றுவிட்டேன். மனுவில் முதல் இடத்தில் 'ஏடுவிலகல், அதாவது அடுக்குகளுக்கு இடையே ஒட்டு விட்டுப்போதல்' என்று எழுதி, அடுத்த இடங்களில் ஏடுவிலகல் என்றே விட்டிருக்கிறேன்.

தங்கச்சி, உப்புத்தாள் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். கதவுக்குப் பயன்படுத்திக்கொள்கிறேன்.