மக்குரம் போட்ட பாதியில்தான் பயிர் மஞ்சளித்தது. நுண்ணுயிர் பெருகியதா இல்லையா?

வரப்போரம்:
வணக்கம். அரை ஏக்கர் மக்காச்சோளத்துக்கு விதைப்புக்கு ஒரு வாரம் முன்பு 3 டன் மக்குரம் போட்டேன். வித்தியாசம் தெரியட்டும் என்று பக்கத்து அரை ஏக்கரைச் சும்மா விட்டேன். அடியுரம், தண்ணீர் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். 20ஆம் நாள் பார்த்தால் மக்குரம் போட்ட பாதி வெளிறி நிற்கிறது. அடியிலைகளில் நுனியிலிருந்து நடுநரம்பை ஒட்டி மஞ்சள். 45 நாளுக்கு மேல்தான் தேறியது. அறுவடையில் இரண்டும் சமம். பிறகு மண் பரிசோதனை செய்தேன்: கரிமச் சத்து முன்பு 0.52 சதவீதம், இப்போது 0.55. நுண்ணுயிர் பெருகும் என்று நம்பித்தான் அத்தனையும் சுமந்தேன். உண்மையில் பெருகியதா? நுண்ணுயிர்க் கரைசல் வாங்கி ஊற்ற வேண்டுமா?

மேழி:
எத்தனை நாள் மக்கவிட்டீர்கள்? என்னென்ன போட்டீர்கள்?

வரப்போரம்:
45 நாள். வைக்கோல், மரத்தூள், கொஞ்சம் சாணம். ஒரு தடவை புரட்டினேன். வயலில் கொட்டும்போது குவியலுக்குள் கை வைத்தால் சூடு இருந்தது, வைக்கோல் துண்டுகளும் தெரிந்தன.

ஈரமண்:
மண் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர் அளக்கும் மேசையில் பல வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: உங்கள் மண்ணில் நுண்ணுயிர் பெருகியிருக்கிறது. பயிர் மஞ்சளித்ததே அதனால்தான்.

நுண்ணுயிரின் உடலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 8 பங்கு கரிமம் (கார்பன்). மூச்சுக்குச் செலவாகும் கரிமத்தையும் சேர்த்தால் அதற்கு ஏற்ற தீனி ஏறத்தாழ 24க்கு 1. வைக்கோலில் இது 80க்கு 1. மரத்தூளில் 400ஐத் தொடும். அந்தத் தீனியைத் தின்ன வேண்டுமானால் குறைகிற தழைச்சத்தை மண்ணிலிருந்துதான் எடுக்க வேண்டும். சோளத்தின் வேர் தேடியதும் அதே தழைச்சத்து. வேர் தோற்றது. அப்புறம் தீனி தீரத் தீர நுண்ணுயிர்கள் செத்து, அவற்றின் உடலில் இருந்த தழைச்சத்து மண்ணுக்குத் திரும்பியது, பயிர் தேறியது. சூடு ஆறாத குவியல் என்றால் உள்ளே இன்னும் வேகமாகத் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது வயலில் நடக்கக்கூடாது, குவியலிலேயே முடிந்திருக்க வேண்டும். சூடு அடங்கி, நனைத்துப் புரட்டினாலும் மறுபடி ஏறாமல், மழை பெய்த மண் வாசனை வந்த பிறகு இன்னும் ஒரு மாதமாவது ஆறவிடுங்கள்.

கரிமச் சத்து கூடவில்லை என்ற வருத்தத்துக்கு ஒரு கணக்கு. அரை ஏக்கரில் 6 அங்குல ஆழ மண் மட்டும் சுமார் 450 டன். உங்கள் 3 டன்னில் ஈரம் போக 1.8 டன், அதில் கரிமம் 500 கிலோ என்றே வைப்போம். அத்தனையும் அப்படியே தங்கினாலும் 0.11 சதவீதம்தான் ஏறும். அதில் பெரும்பகுதி மூச்சுக் காற்றாகப் போயிருக்கும். 0.03 என்பது பரிசோதனையின் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே வருகிற எண். அதை வைத்து மனம் தளராதீர்கள்.

நாங்கள் அளந்த விதம் வேறு. ஒரே மண்ணை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை ஒரு நாள் முழுக்கக் குளோரோஃபார்ம் ஆவியில் மூடி வைப்போம். செத்த உயிர்களின் கரிமம் கரைந்து வெளிவரும். இரண்டு பங்குக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து நுண்ணுயிர் நிறையைக் கணக்கிடுவோம். மண்ணின் மொத்தக் கரிமத்தில் அது 1 முதல் 5 சதவீதம்தான். ஆனால் மொத்தக் கரிமம் அசைவதற்கு வெகு முன்னாலேயே இது அசைந்துவிடும்.

கரைசல் வேண்டாம் என்பேன். ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியா ஏற்கெனவே இருக்கிறது, பெரும்பாலானவை தீனியில்லாமல் உறங்கிக் கிடக்கின்றன. புதிதாக ஊற்றுவது அந்தக் கூட்டத்தில் நிலைப்பது கடினம். மக்குரத்தோடு வரும் உயிர்களுக்கும் இதே கதிதான். மக்குரத்தின் வேலை, அங்கே இருப்பவர்களுக்குச் சோறு போடுவது. (பயறு வகைக்கு விதைநேர்த்தியாக ரைசோபியம் என்ற வேர்முடிச்சுப் பாக்டீரியாவைக் கொடுப்பது வேறு விஷயம், அது பலன் தரும்.)

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் நிலையத்தின் பிராட்பால்க் வயலில் 1843இலிருந்து கோதுமைச் சோதனை நடக்கிறது. ஹெக்டேருக்கு வருடம் 35 டன் தொழுவுரம் இடும் பாத்தியில் நுண்ணுயிர் நிறை எருவே காணாத பாத்தியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரே தடவையில் வந்ததில்லை அது.

மேழி:
அளவைக் கூட்டும்போது மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) பாருங்கள். நான் கோழி எரு மக்கியதை வருடாவருடம் அள்ளிப் போட்டேன். மண்ணில் மணிச்சத்து எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. அது தாராளமாகக் கிடைத்தால் பயிர், வேரோடு கூடி வாழ்ந்து மணிச்சத்தைத் தேடித் தரும் வேர்ப்பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும், பூஞ்சை மெலியும். இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பாதி அளவு.

வரப்போரம்:
ரொம்ப நன்றி. குளோரோஃபார்ம் சோதனைக்கு எனக்கு வழியில்லை. நானே பார்க்க ஏதாவது?

ஈரமண்:
வெள்ளைப் பருத்தித் துணியை ஒரே அளவில் 10 துண்டு வெட்டி எடை பாருங்கள். பாதிக்கு 5 வீதம், ஒரே ஆழத்தில், ஒரே நாளில் புதையுங்கள். செயற்கை நூல் கலந்த துணி ஆகாது. ஆறு வாரம் கழித்து எடுத்து, கழுவி, உலர்த்தி எடை போடுங்கள். எந்தப் பாதியில் அதிகம் குறைந்ததோ அங்கே தின்கிற வாய் அதிகம். ஈரம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். காய்ந்த மண்ணில் எதுவும் வேலை செய்யாது.

வரப்போரம்:
பழைய வேட்டி ஒன்று இருக்கிறது, சுத்தப் பருத்தி. நாளை புதைக்கிறேன். மிச்சக் குவியலையும் சாணம் கலந்து புரட்டிவிட்டு, ஆறும்வரை தொடமாட்டேன்.