கூட்டவிழ்ப்பு: புதையல் புதிர்களைப் பலர் சேர்ந்து விடுவிப்பதற்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நம் கலைச்சொல் குழுவில், 'ஆர்ம்சேர் ட்ரெஷர் ஹண்ட்' என்ற ஆங்கிலத் தொடருக்குப் 'புதிர்ப்புதையல்' என்ற சொல்லைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். 'நாற்காலி வேட்டை' என்ற பரிந்துரை கைவிடப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சி. ஒரு பொருளை எங்கோ புதைத்துவிட்டு, அந்த இடத்தைப் படத்திலும் பாட்டிலும் ஒளித்து நூலாக வெளியிடுகிறார்கள். வாசகர் வீட்டை விட்டு நகராமலே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மண்வெட்டி கடைசி நாளுக்குத்தான். இதில் நாற்காலிக்கு என்ன வேலை? 'ஏட்டுப்புதையல்' என்ற பரிந்துரையும் வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஏட்டுச் சுரைக்காய் உடனே நினைவுக்கு வந்து, எதற்கும் உதவாதது என்ற தொனி ஒட்டிக்கொள்ளும்.

இனி அடுத்த சொல். இந்தப் புதிர்களைப் பலர் சேர்ந்து விடுவிக்கிறார்களே, அந்தச் செயலுக்கு என்ன பெயர்? இதுவரை வந்தவை: கூட்டு வேட்டை, குழுத் துப்பறிதல், கூட்டு விடைகாணல், இணையவிழ்ப்பு. நான் முன்வைப்பது 'கூட்டவிழ்ப்பு'. கூட்டு + அவிழ்ப்பு, அவ்வளவுதான்.

'இணையவிழ்ப்பு' பொருளால் குறையில்லாத சொல். ஆனால் எழுத்தில் பார்க்கிறவர் 'இணைய' என்று பிரித்துவிட்டு, 'விழ்ப்பு' எதுவென்று தெரியாமல் நிற்பார். 'துப்பறிதல்' என்றால் குற்றமும் அதை மறைத்த குற்றவாளியும் வந்துவிடுகிறார்கள். புதையலைப் புதைத்தவரோ தன் மறைவிடம் கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்றே விரும்புகிறவர். அவர் போட்ட முடிச்சு அவிழ்க்கத் தகுந்த முடிச்சு. விடுகதையை 'அவிழ்' என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும்போது வேறு வினையைத் தேட வேண்டியதில்லை.

'வேட்டை'யை நான் மறுப்பதற்குக் காரணம் இன்னும் ஆழமானது. இந்த வகை நூல்களுக்கெல்லாம் முன்னோடி, கிட் வில்லியம்ஸ் 1979இல் வெளியிட்ட 'மாஸ்கரேட்'. பதினைந்து ஓவியங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி எழுத்துகளால் ஆன ஒரு சட்டம். ஓவியத்தில் உள்ள மனிதரோ விலங்கோ, அதன் இடக்கண்ணிலிருந்து இடக்கையின் நீண்ட விரல் வழியாக ஒரு கோடு இழுத்தால் அது சட்டத்தில் ஓர் எழுத்தைத் தொடும். இடக்கண்ணிலிருந்து இடக்காலின் நீண்ட விரல் வழியாக அடுத்த கோடு. பிறகு வலப்பக்கத்துக்கும் அப்படியே. தொட்ட எழுத்துகளைச் சேர்த்தால் ஓவியத்துக்கு ஒரு சொல்லோ சொற்றொடரோ கிடைக்கும். பதினைந்தையும் வரிசையாக வைத்தால், கேத்தரினின் நீண்ட விரல் சம இரவுநாள் நண்பகலில் நிழல் விழுத்தும் இடத்தில் மஞ்சள் தாயத்து புதைந்திருக்கிறது என்ற செய்தி வரும். அவற்றின் முதல் எழுத்துகளை மட்டும் படித்தால் 'ஆம்ப்ட்ஹில் அருகே' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர். இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரின் ஆம்ப்ட்ஹில் பூங்காவில் எட்டாம் ஹென்றி மன்னரின் முதல் மனைவியான அரகானின் கேத்தரின் நினைவாக ஒரு சிலுவைத்தூண் நிற்கிறது. அதன் நிழல் நுனிதான் இடம்.

இதை முறைப்படி அவிழ்த்தவர்கள் மைக் பார்க்கர், ஜான் ரூசோ என்ற இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள். அவர்கள் பூங்காவுக்குப் போய்த் தோண்டவும் செய்தார்கள். பெட்டி கண்ணில் படவில்லை. 1982இல் புதையலை, அதாவது 'மஞ்சள் தாயத்து' எனப்பட்ட பொன்முயலை, எடுத்தவர் வேறொருவர். அவர் புதிரை அவிழ்க்கவே இல்லை, வில்லியம்ஸை முன்பு நெருக்கமாக அறிந்த ஒருவர் வழியாக இடம் பற்றிய குறிப்பைப் பெற்றார் என்பது 1988இல் செய்தித்தாளில் வெளிவந்தது. ஆக, வேட்டையில் வென்றவர் ஒருவர், அவிழ்த்தவர்கள் இருவர். 'கூட்டு வேட்டை' என்று பெயர் வைத்தால் பார்க்கருக்கும் ரூசோவுக்கும் அதில் இடம் கிடைக்காது. நாம் பெயர் தேடுவது அவர்கள் மேசையில் அமர்ந்து செய்த வேலைக்கு.

அந்த வேலைக்குள்ளேயே இரண்டு தனித்தனிச் செயல்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே சொல்லால் மூடிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒன்று, சேர்ப்பது. பைரன் பிரைஸ் 1982இல் வெளியிட்ட 'தி சீக்ரெட்' நூலில் பன்னிரண்டு ஓவியங்களும் பன்னிரண்டு பாடல்களும் இருக்கின்றன. வட அமெரிக்காவில் பன்னிரண்டு இடங்களில் பெட்டிகள் புதைக்கப்பட்டன. எந்தப் படத்துக்கு எந்தப் பாடல் என்று நூலில் குறிப்பில்லை. 144 இணைகள் சாத்தியம். எங்கோ கிடக்கும் சொல்லை எடுத்து வேறெங்கோ கூட்டிப் பொருள் காண்பதை நன்னூல் 'கொண்டுகூட்டு' என்று, செய்யுளுக்குப் பொருள்கொள்ளும் முறைகளான பொருள்கோள் எட்டில் ஒன்றாக வைக்கிறது. படத்தையும் பாடலையும் இணைக்கும் இந்த வேலைக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம், புதுச்சொல் வேண்டாம். இதற்குப் பல கண்கள் தேவைப்படுவதன் காரணம் எளியது: ஓர் ஊரை அறிந்தவர் கண்ணுக்குத்தான் அந்த ஊரின் கல் தெரியும். ஒரு பாடலில் சாக்ரடீஸ், பிண்டார், அபெல்லீஸ் என்று மூன்று பெயர்கள் வருகின்றன. தத்துவஞானி, கவிஞர், ஓவியர். நூலகத்தில் உட்கார்ந்து இவர்களைப் பற்றி எவ்வளவு படித்தாலும் இடம் கிடைக்காது. க்ளீவ்லாந்தின் கிரேக்கப் பண்பாட்டுத் தோட்டத்துச் சுவரில் இந்தப் பெயர்கள் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால் கிடைக்கும். 2004இல் இருவர் சேர்ந்து அங்கே பெட்டியை எடுத்தார்கள். அதற்கு முன் 1983இல் சிகாகோவில் ஒன்று, பின்னர் 2019இல் பாஸ்டனில் ஒன்று. பிரைஸ் 2005இல் விபத்தில் இறந்துவிட்டார்.

இரண்டு, மறுப்பது. உரையாசிரியர்கள் 'வலிந்து பொருள் கோடல்' என்று கண்டிப்பார்களே, புதிர்ப்புதையலில் தனியாக இருப்பவரைப் பிடிக்கும் நோய் அதுதான். ஓவியத்தில் ஒரு மரக்கிளையின் வளைவு தன் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆற்றின் வளைவாகவே தெரியும். பொருந்தாத இரண்டு வரிகள் 'திசைதிருப்ப வைத்தவை' ஆகிவிடும். பொருந்திய ஒரு வரி அசைக்க முடியாத ஆதாரமாகிவிடும். பிரான்ஸின் 'பொன் ஆந்தை' என்ற புதிர்ப்புதையலை எடுத்துக்கொள்ளுங்கள். மாக்ஸ் வாலன்டின் என்ற புனைபெயரில் ரெஜிஸ் ஓசர் 1993இல் வைத்த பதினொரு புதிர்கள். பரிசான ஆந்தைச் சிலையைச் செய்தவர் மிஷெல் பெக்கர். புதைக்கப்பட்டது அதன் வெண்கல நகல். அது எடுக்கப்பட்ட செய்தி 2024 அக்டோபரில் வந்தது. இடையில் முப்பத்தொரு ஆண்டுகள். வாலன்டின் மினிடெல் (இணையத்துக்கு முந்தைய பிரெஞ்சுத் தொலைபேசிவழித் தகவல் சேவை) வழியாகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவந்தார். 2009இல் அவர் மறைந்த பிறகும் தேடுவோர் அந்தப் பதில்களைத் தொகுத்து வரிவரியாக அலசினார்கள். அத்தனை அலசலுக்குப் பிறகும் நாட்டின் நாலா மூலைகளிலும் 'இதுதான் இடம்' என்று உறுதியாக நம்பியவர்கள் இருந்தார்கள். கடைசியில் கிடைத்தது கிழக்கே மோசெல் மாவட்டத்தின் டாபோவில்.

இந்த நோய்க்கு நல்ல குழுக்கள் கைக்கொள்ளும் மருந்து ஒன்று உண்டு. தன் விடையைச் சொல்லாமல், படத்தையும் பாடலையும் மட்டும் புதிதாக வந்தவரிடம் கொடுப்பது. 'இதில் கோபுரம் தெரிகிறதா?' என்று கேட்கக் கூடாது. கேட்ட நொடியில் தெரிய ஆரம்பித்துவிடும். 'என்ன தெரிகிறது?' என்று மட்டும் கேட்க வேண்டும். ஒருவரோடொருவர் பேசாத இரண்டு மூன்று பேர் ஒரே கட்டடத்தைச் சொன்னால் அது கணக்கில் வரும். இதற்கு 'விடைமறைப்பு' என்று பெயரிடலாம். மருத்துவ ஆய்வில் உள்ள கருத்தும் இதுவே என்பதால் சொல் அங்கும் பயன்படும்.

சேர்ப்பதும் மறுப்பதும் இரண்டும் கூடியதே கூட்டவிழ்ப்பு என்று வரையறுக்கலாம் என்பது என் கருத்து. சேர்ப்பது மட்டும் நடந்தால் அது வெறும் தகவல் குவிப்பு.

அன்புடன்.

மறுமொழி:

> 'கூட்டவிழ்ப்பு'. கூட்டு + அவிழ்ப்பு, அவ்வளவுதான்.

ஐயா, வணக்கம். தங்கள் மடலை இருமுறை படித்தேன். 'அவிழ்ப்பு' பற்றி எனக்கு மாறுபாடு இல்லை. 'விடைமறைப்பு' இன்றே பட்டியலில் ஏறலாம். 'கொண்டுகூட்டு' அதைவிட நன்று. என் தயக்கம் முழுக்க 'கூட்டு' என்ற முன்பாதியில்தான்.

தமிழில் 'கூட்டு' என்றால் பங்கு வந்துவிடுகிறது. கூட்டு வணிகம், கூட்டுப் பட்டா, கூட்டாளி. எல்லாவற்றிலும் உரிமை உண்டு, இலாபத்தில் பாதி உண்டு. புதிர்ப்புதையலில் பெரும்பாலும் நிலைமை அப்படியில்லை. பெட்டி ஒன்று, எடுப்பவர் ஒருவர். 'பெர்ப்ளெக்ஸ் சிட்டி' விளையாட்டில் ஆயிரக்கணக்கானோர் புதிர் அட்டைகளை ஒருவருக்கொருவர் உதவித்தான் விடுவித்தார்கள். 2007இல் நார்த்தாம்ப்டன்ஷயரின் ஒரு காட்டில் புதைத்திருந்த கனசதுரத்தைத் தோண்டி எடுத்து ஒரு இலட்சம் பவுண்டு பரிசு பெற்றவர் ஒரே ஒருவர். அதில் தவறேதும் இல்லை, விதியே அதுதான். ஆனால் மற்றவர்களைக் 'கூட்டாளிகள்' என்று சொல்ல முடியுமா?

இதனால்தான் பலர் வாய் திறப்பதே இல்லை. அமெரிக்கக் கலைப்பொருள் வணிகர் ஃபாரஸ்ட் ஃபென், தான் ஒளித்த புதையல் பெட்டிக்கு 2010இல் ஒரு கவிதையில் ஒன்பது துப்புகளை வைத்தார். 2020 ஜூனில் வயோமிங் மாநிலத்தில் பெட்டி கிடைத்தது. இடையில் ஐந்து பேர் தேடப்போன இடத்தில் உயிரிழந்தார்கள். போகப்போகும் இடத்தை ஒருவரிடமும் சொல்லாமல் தனியே மலைக்கும் ஆற்றுக்கும் போவது எவ்வளவு ஆபத்தானது என்று இந்த விளையாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். சொன்னால் பங்கு போய்விடும் என்ற அச்சம் அவர்களை அடக்கிவிடுகிறது. நாம் வைக்கும் சொல் அந்த அச்சத்தைக் கூட்டிவிடக் கூடாது. 'உடனவிழ்ப்பு' என்று வைத்தால் என்ன? உடன்பிறப்பு, உடன்பாடு போல, சேர்ந்து என்ற பொருள் மட்டும் நிற்கும், பங்கு வராது.

இன்னொரு சிறு ஐயம். 'கூட்டவிழ்ப்பு' என்பதைக் கூட்டத்தை அவிழ்ப்பது என்று யாரேனும் எடுத்துக்கொள்வார்களோ?

மறுமொழி:

> தமிழில் 'கூட்டு' என்றால் பங்கு வந்துவிடுகிறது.

ஐயா, மிக்க நன்றி. கடைசி ஐயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கூட்டம் அவிழ்வதில்லை, கலைகிறது. ஆகவே அந்தக் குழப்பம் நேராது.

பங்கு பற்றித் தாங்கள் சொன்னது முக்கியமானது. ஆனால் செயலுக்கு 'உடனவிழ்ப்பு' என்று வைத்தால், 'உடன்' தொழிற்பெயருக்கு முன்னால் நிற்கும்போது 'உடனே' என்று கேட்கிறது. உடனடி விடை என்று புரிந்துகொள்வார்கள். ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலைக்கு அது நேர்எதிர். ஆளைக் குறிக்கும்போது அந்தச் சிக்கல் இல்லை. உடன்பிறந்தார் என்றால் யாரும் உடனே பிறந்தவர் என்று நினைப்பதில்லை. எனவே செயலுக்குக் கூட்டவிழ்ப்பு. ஆட்களுக்கு மட்டும் இரண்டு சொற்கள் வைத்துக்கொள்வோம். பரிசில் பங்கு இன்னது என்று முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொண்டவர் 'கூட்டாளி'. பங்கு கேட்காமல் கண்டதைச் சொல்லி, பிறர் சொன்னதைச் சோதித்துத் தருபவர் 'உடனவிழ்ப்பர்'. ஒரே குழுவில் இருவகையினரும் இருக்கலாம்.

இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிந்துவிட்டால், ஒருவர் குழுவுக்குள் வரும் முதல் நாளே 'நான் எந்த வகை?' என்று கேட்டுத் தெளிந்துகொள்ள முடியும். பெட்டி கையில் வந்த பிறகு அந்தக் கேள்வி எழுந்தால் நட்பு மிஞ்சாது. தனியே போய் ஆபத்தில் சிக்குவது பற்றித் தாங்கள் எழுதியதும் இங்கேதான் பொருந்துகிறது. போகும் இடத்தை ஒரு கூட்டாளியிடமாவது சொல்லிவிட்டுப் போகலாம். அவருக்கும் பங்கு இருப்பதால் மறைக்க வேண்டிய காரணம் இல்லை.

இவற்றைப் பட்டியலில் ஏற்றிவிடலாமா? கூட்டவிழ்ப்பு, கூட்டாளி, உடனவிழ்ப்பர், கொண்டுகூட்டு, விடைமறைப்பு. மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

ஒன்று மட்டும் தீரவில்லை. விடை சரியென்று புதிரே தன் வாயால் சொல்லும் குறிப்பு இருக்கிறதல்லவா? 'மாஸ்கரேட்'டில் முதல் எழுத்துகள் சேர்ந்து ஊர்ப்பெயராக வந்தது போல. எதிர்பாராமல் இன்னொரு பக்கத்திலிருந்தும் அதே விடை வந்து நிற்பது. எனக்கு 'உறுதிக்குறி' தோன்றுகிறது. அதில் 'தானாக' என்ற கருத்து விழவில்லை. அவிழ்ப்பவர் தேடிப்போய் ஒட்டவைத்த சான்றுக்கும் புதைத்தவர் தாமே வைத்துவிட்டுப் போன சான்றுக்கும் வேறுபாடு தெரிய வேண்டும். 'முத்திரை' போதுமா, அல்லது எழுத்துகளை வடிவமாக அடுக்கிப் பாடும் சித்திரகவி மரபில் இதற்குச் சொல் ஏதும் உண்டா? அதன் வகைகளான மாலைமாற்றும் நாகபந்தமும் கற்றவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.