பல்கலைக்கழகத்தின் பிடி யார் கையில் இருக்க வேண்டும்?

வெஸ்ட்வில் பழைய மாணவன்:
2023இல் யுனிசாவை, அதாவது தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தை ஆராய்ந்த பேராசிரியர் தெம்பா மோசியா, அதைக் கொஞ்சக் காலம் பொறுப்பேற்று நடத்தத் தனி நிர்வாகியை நியமிக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தார். உயர்கல்வி அமைச்சரே நேராகத் துணைவேந்தரைப் போட்டுவிட்டால் இந்தச் சுற்றுவழியெல்லாம் எதற்கு? ஆட்சிக்குழு, அதாவது கவுன்சில் என்ற பெயரில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருப்பது தண்டச் செலவு.

பீனிக்ஸ் அக்கா:
அமைச்சர் போட்டால் கட்சிக்காரர்தான் வருவார், தம்பி. 1961இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன கட்டடங்களில் இந்தியருக்கென்று கல்லூரி திறந்தார்களே, அங்கே பிரிட்டோரியாவின் நிறவெறி அரசு வைத்ததுதான் சட்டம். நீங்கள் படித்த வெஸ்ட்வில் அதிலிருந்து வளர்ந்ததுதான். அந்த ஆட்சி மறுபடியும் வேண்டுமா?

வெஸ்ட்வில் பழைய மாணவன்:
அது வெள்ளைக்காரன் சர்க்கார் அக்கா, இது நாம் ஓட்டுப் போட்ட சர்க்கார். 2004இல் டர்பன்-வெஸ்ட்வில்லும் நேட்டாலும் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகமாகச் சேர்ந்தது காதர் அஸ்மால் அமைச்சராகப் பிடிவாதமாக நின்றதால்தான். கவுன்சில்களிடம் விட்டிருந்தால் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
இரண்டு பேரும் சட்டத்தைப் பார்க்கவில்லை. 1997 உயர்கல்விச் சட்டப்படி கவுன்சிலில் குறைந்தது 60 சதவீதம் பேர் ஊழியராகவோ மாணவராகவோ இல்லாத வெளியாட்கள். அமைச்சர் ஐந்து பேர் வரை போடலாம். கடிவாளம் கவுன்சில் கையில். 2019இல் ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகத்தில் தனி நிர்வாகி வந்தபோது கலைக்கப்பட்டது கவுன்சில்தான். துணைவேந்தர் புலுங்கு பதவியிலேயே இருந்தார். முறைகேடுகளைத் தோண்டத் தோண்டத் துப்பாக்கி வந்தது. 2022இல் வாகனப் பிரிவு மேலாளர், 2023 ஜனவரியில் துணைவேந்தரின் மெய்க்காப்பாளர், இரண்டு பேரையும் சுட்டுக் கொன்றார்கள். அமைச்சர் போட்ட துணைவேந்தர் என்றால் குண்டு விலகிப் போயிருக்குமா?

வெஸ்ட்வில் பழைய மாணவன்:
ஐயா, அந்த வெளியாட்களில் எத்தனை பேர் டெண்டருக்காக வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

பீனிக்ஸ் அக்கா:
அதனால்தான் நல்லவர்கள் போக வேண்டும் என்கிறேன். கவுன்சிலுக்கு ஆள் அனுப்பும் பழைய மாணவர் பேரவைத் தேர்தல் என்றால் நம் ஆட்கள் மெயிலைத் திறப்பதே இல்லை. கோயில் கமிட்டித் தேர்தல் என்றால் மட்டும் டர்பனில் நம் ஆட்கள் இருக்கும் சாட்ஸ்வர்த் முழுக்கக் கார் ஓடும்!

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
அம்மா சொல்வது சரி. ஆனால் தேர்தல் மட்டும் போதாது. கணக்குத் தணிக்கைக் குழுவில் உட்காரக் கணக்குத் தெரிந்தவர் வேண்டும், பேச்சாளர் அல்ல.

வெஸ்ட்வில் பழைய மாணவன்:
அந்த ஆளைத்தான் அமைச்சர் அனுப்பட்டும். ஐந்து இடத்தைப் பத்தாக்குங்கள்.

பீனிக்ஸ் அக்கா:
பத்தும் ஒரே கட்சியிலிருந்து வரும். எனக்குச் சம்மதமில்லை.