புதுப்பிப்பு: கும்பகோணத்து ஓட்டு வீடு இன்னும் விற்கவில்லை

மாசியில் எழுதியிருந்தேன்: முற்றம் வைத்த பழைய ஓட்டு வீட்டைச் சீர்செய்து விற்கப்போகிறேன், ஆனால் சுவரில் ஈரம் ஏறுவது நிற்கவில்லை என்று. காரணம் தெரிந்துவிட்டது. முன்பு யாரோ சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும். இடுப்பு உயரம் வரை கொத்தி எடுத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் குழைத்த சுண்ணாம்பைப் பூசினோம். கொத்தனாருக்கு 68 வயது. அவசரம் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. ஐப்பசி மழையிலும் சுவர் காய்ந்தே இருந்தது.

விற்பனைதான் நகரவில்லை. ஏழு பேர் வந்தார்கள். எல்லோரும் முற்றத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, பிறகு கார் எங்கே நிறுத்துவது என்று கேட்டார்கள். ஒருவர் மட்டும் விலை பேசி முடித்தார். வங்கி மதிப்பீட்டாளரோ மனைக்கு மட்டும் மதிப்புப் போட்டு, கட்டடத்தை ஏறக்குறைய சுழியம் ஆக்கிவிட்டார். கடன் சுருங்கியது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் வேறு கைக்காசு என்றதும் பின்வாங்கிவிட்டார்.

இன்னும் இரண்டு லட்சம் இறக்கச் சொல்கிறார் தரகர். மனமில்லை. தையிலிருந்து வாடகைக்கு விடுகிறேன். ஓடு மாற்றிய செலவாவது மெல்லத் திரும்பட்டும்.