சின்ன அணைதானே என்று ஆய்வுக்குப் போன இடத்தில் பார்த்தது: உங்கள் அனுபவம் என்ன?

கலிங்குமேடு:

கலிங்கில், அதாவது அணையில் மிகுந்த தண்ணீர் வழிந்து போகிற இடத்தில், பலகை வைப்பதை இங்கே எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தனியார் மண் அணை. ஆறேழு மீட்டர் உயரம் இருக்கும். உரிமையாளர் உள்ளே மீன் விட்டிருந்தார். கலிங்கின் மேல் வரிசையாகப் பலகை நிறுத்தி, மீன் போய்விடக் கூடாது என்று முன்னால் வலையும் கட்டியிருந்தார். வலை முழுக்கச் சருகு. கலிங்கு மட்டத்திலிருந்து கரை உச்சிக்கு 1 மீட்டர், பலகை 40 செ.மீ. "மிச்சம் 60 இருக்கே, பாதிக்கு மேலதானே?" என்கிறார். எல்லோரும் ஏமாறுகிற இடம் அதுதான். ஆழம் குறைவதைவிட வேகமாகக் கலிங்கின் திறன் குறையும். வழியும் தண்ணீர் ஆழத்தின் ஒன்றரை அடுக்குக்கு (power 1.5) ஏற்ப என்பது கணக்கு. ஆழம் 60 சதவீதமானால் போகும் வெள்ளம் 46 சதவீதம்தான். அதுவும் வலை சுத்தமாக இருந்தால்.

ஒரு பலகையையாவது கழற்றிக் காட்டலாம் என்று நான் குனிந்தேன். அவர் வந்து அந்தப் பலகை மேலேயே உட்கார்ந்துகொண்டார். கோபமெல்லாம் இல்லை, சிரித்த முகம். "உட்காருங்க சார், பேசலாம்." பலகை இடுக்கில் தண்ணீர் பீய்ச்சி அவர் கால்சட்டை நனைகிறது, அசையவில்லை. ஜான்ஸ்டவுன் கதையைச் சொல்லிப் பார்த்தேன். 1889, பென்சில்வேனியா, சௌத் ஃபோர்க் அணை. பணக்காரர்களின் கிளப் ஒன்று மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில் கம்பித் தடுப்பு வைத்தது, குப்பை வந்து அதில் அடைத்தது, வண்டி போக வசதியாகக் கரை உச்சியை ஏற்கெனவே தாழ்த்தியிருந்தார்கள், 2,209 பேர் இறந்தார்கள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது என்ன மீன் சார்?" என்றார்.

நோட்டீஸ் கொடுத்தோம். மழைக்கு முன்னால் எடுத்துவிட்டதாகக் கேள்வி. எடுத்ததைத் திரும்ப வைக்க எவ்வளவு நேரமாகும்?

ஊற்றுக்கண்:

கலிங்காவது கண்ணுக்குத் தெரியும். கசிவு அப்படி இல்லை.

நான் போன அணையில் கரையடியில் வருடக்கணக்காக ஒரு கசிவு. எங்கள் படிவத்தில் "கசிவு: உண்டு / இல்லை" என்று ஒரு கட்டம். உண்டு என்று டிக் அடித்து அடித்து எல்லோருக்கும் பழகிவிட்டது. காவல்காரர் வயதானவர், என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டியிருந்தார். எல்லாம் அந்தக் கசிவுத் தண்ணீர். இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போனேன். தெளிவு, தெளிவு, தெளிவு. கடைசி இரண்டில் அடியில் மண் படிந்திருந்தது. கடைசி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் ஆட்டினார், காபி நிறத்துக்கு மாறியது. "அளவு கூடலைங்க. நிறம்தான் மாறியிருக்கு."

இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மண் அணை என்றால் கொஞ்சம் கசியும், தெளிவாகக் கசிந்தால் அதனுடன் வாழலாம். கலங்கி வந்தால் உள்ளிருக்கும் மண் வெளியே வருகிறது என்று பொருள். அரிப்பு கரையடியில் தொடங்கி, நீர்ப்பக்கம் நோக்கிக் குடைந்துகொண்டே போகும். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு நம் கையில் எதுவும் இல்லை. போய்த் தேடியதில் புல்லுக்கு நடுவே சின்னதாக மணல் கொப்பளித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, முதலில் மணல், அதன் மேல் பொடிஜல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி என்று போட்டு, தண்ணீரை வரவிட்டு மண்ணை நிறுத்தினோம். நீர்மட்டத்தையும் இறக்கினோம்.

அணை நிற்கிறது. என் உறுத்தல் வேறு. அந்த பாட்டில்களைப் பற்றி எந்த அறிக்கையிலும் ஒரு வரி இல்லை. எனக்கு முன்னால் வந்த ஒருவரிடமும் அவர் காட்டினாராம். "குடிக்கிற தண்ணியா பெரியவரே?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாராம்.

சம்மட்டி:

ஊற்றுக்கண் சார், "நீர்மட்டத்தையும் இறக்கினோம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே. எவ்வளவு வேகமாக இறக்கினீர்கள்? இதைப் படித்துவிட்டு யாராவது மதகை முழுசாகத் திறந்துவிடப் போகிறார்கள்.

நான் பார்த்தது அதுதான். கசிவு என்று போன் வந்தது, மேலிடத்தில் ஒருவர் பயந்துபோய் மதகை முழுக்கத் திறக்கச் சொல்லிவிட்டார். ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் நீர்ப்பக்கச் சரிவு நடுவில் வழுக்கி இறங்கியிருந்தது. கரை உச்சியில் பிறை வடிவில் விரிசல், கையை முழங்கை வரை விட முடிந்தது. பாவியிருந்த கல்லெல்லாம் கீழே சேற்றில் குவியலாகக் கிடந்தது. ஊறிப்போன மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர், வெளியே மட்டம் இறங்குகிற வேகத்தில் வடியாது. தாங்கிக்கொண்டிருந்த வெளித் தண்ணீரும் போய்விட்டது. சரியாமல் என்ன செய்யும்? சாதாரண நிலையில் நாளுக்கு ஒரு அடி என்று கைக்கணக்கு வைத்திருப்பவர்கள் நிறைய. கலங்கல் பெருகி ஓட ஆரம்பித்துவிட்டால் கதை வேறு, அப்போது சரிவு போனாலும் பரவாயில்லை என்று இறக்கத்தான் வேண்டும். அந்த ராத்திரி வந்தது தெளிந்த கசிவு.

ஊற்றுக்கண்:

மெதுவாகத்தான் இறக்கினோம். கேட்டது நியாயம்.

நாலாம்மதகு:

சின்னதாக ஒன்று. மதகுக் குழாய் இரும்பு, உள்ளே ஆள் நுழைய முடியாது, கயிற்றில் கேமரா கட்டி விட்டோம். பாதி தூரம்வரை ஒன்றும் இல்லை. அப்புறம் திரையில் குழாயின் மேல்பக்கம் ஒரு ஓட்டை, அதன் வழியாக மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஓட்டைக்கு மேலே இருட்டு. அந்த இருட்டு எவ்வளவு உயரத்துக்குப் போகிறது என்று கேமராவில் தெரியவில்லை. மேலே கரையில் நாங்கள் ஜீப்பை நிறுத்தியிருந்தது கிட்டத்தட்ட அதற்கு நேர் மேலே. டிரைவர் போய்ச் சத்தமில்லாமல் வண்டியை நகர்த்தினார்.

கொலராடோவில் லான் லேக் அணை 1982-ல் போனது இந்த மாதிரி இடத்தில்தான். உயரம் 8 மீட்டர் சுமார். குழாயும் வால்வும் சேரும் இடத்தில் ஈய அடைப்பு கெட்டுப்போய்த் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது. மூன்று பேர் இறந்தார்கள். கரையை மேலிருந்து எத்தனை தடவை பார்த்தாலும் இது தெரியாது.

பழைய ஜேஇ:

நல்ல பகிர்வுகள். எனக்கும் ஒன்று உண்டு: கரை முழுக்கப் புதர் மண்டி நடக்கவே முடியாமல் திரும்பி வந்தோம், வெட்டிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம், கூப்பிடவே இல்லை. அவ்வளவுதான். ஆனால் இங்கே இளைஞர்கள் படிக்கிறார்கள் என்பதால் சிலது சொல்லிவிடுகிறேன்.

தம்பிகளா, கரை உச்சியில் மட்டும் நடந்துவிட்டு வராதீர்கள். புறச்சரிவில், அதாவது தண்ணீர் இல்லாத பக்கச் சரிவில், குறுக்கும் நெடுக்குமாக ஏறி இறங்குங்கள். வெயில் சாய்ந்த நேரத்தில் போனால் சின்ன மேடு பள்ளமும் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். கோடையில் எல்லாம் காய்ந்திருக்க ஒரு இடம் மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே நில்லுங்கள், காலால் அழுத்திப் பாருங்கள். கரை உச்சி நடுவில்தான் அதிகம் அமுங்கும், வெள்ளம் கரை மேல் ஏறினால் முதலில் ஏறுவதும் அங்கேதான். தண்ணீர் நிறைய இருக்கும்போது ஓரத்தில் குனிந்து, நீர்க்கோட்டையும் கரை உச்சியையும் ஒன்றாகப் பாருங்கள், தாழ்வு தெரிந்துவிடும். அப்புறம் லெவல் கருவி வைத்து அளந்து உறுதி செய்யலாம்.

விரிசல் கண்டால் இரண்டு முனையிலும் முளையடித்துத் தேதி எழுதுங்கள். கரையின் நீளவாக்கில் போனால் சரிவைச் சந்தேகப்படுங்கள். குறுக்காகப் போனால் அது தண்ணீருக்கு வழி, அதற்குத்தான் முதல் அவசரம்.

கசிவைக் கண்ணளவில் எழுதாதீர்கள். வி-நாட்ச் தகடு, அதாவது V வடிவில் வெட்டிய தகடு, ஒன்றைக் கசிவு ஓடும் வழியில் வைத்தால் போதும். 90 டிகிரி நாட்சில் 5 செ.மீ. உயரம் ஓடினால் வினாடிக்கு முக்கால் லிட்டர், 10 செ.மீ. ஓடினால் 4.4 லிட்டர். உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கும் மேலே. "கொஞ்சம் கூடியிருக்கு" என்று எழுதுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கலிங்கின் கான்கிரீட் இணைப்பில் செடி முளைத்திருந்தால் அழகு பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் டாட்புரூக் நீர்த்தேக்கத்தில் 2019 ஆகஸ்டில் துணைக் கலிங்கின் பலகங்கள் பெயர்ந்து அடியில் மண் அரித்துப் போனது. 1,500 பேரை வெளியேற்றிவிட்டு ஹெலிகாப்டரில் ஜல்லி மூட்டை கொண்டுவந்து கொட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுங்கள். ஜார்ஜியாவில் கெல்லி பார்ன்ஸ் அணையில் 1973-ல் எடுத்த படத்திலேயே புறச்சரிவு சரிந்திருந்தது தெரிகிறது. 1977-ல் அணை போனது. மரமெல்லாம் வெட்டிவிடுங்கள்.

நாணல்:

கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. "மரமெல்லாம் வெட்டிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனதால் வந்த வினையை நான் பார்த்திருக்கிறேன். பெரிய பெரிய மரங்கள். வெட்டினார்கள், அடிமரத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். சில வருடம் கழித்து நாங்கள் போனபோது ஒரு அடிமரத்தின் பக்கத்தில் கம்பியைக் குத்தினேன். கை அழுத்தமே இல்லை, கைப்பிடி வரை உள்ளே போனது. வேர் மக்கி, வேர் இருந்த இடமெல்லாம் குழாய். வெட்டினால் வேரோடு எடுத்து, குழியை அதே மாதிரி மண் போட்டு அடுக்கடுக்காகக் கெட்டிக்க வேண்டும். அதைச் செய்யப் பணமில்லை என்றால் இளங்கன்றுகளை மட்டும் முதலில் எடுங்கள், பெரிய மரத்துக்குத் திட்டம் போட்டு வாருங்கள்.

பழைய ஜேஇ:

வேரோடு என்றுதான் சொல்ல வந்தேன். வெட்டாமல் விட்டு, காற்றில் மரம் சாய்ந்து கரையில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போவதையும் பார்த்திருக்கிறேன்.

நாணல்:

சொல்ல வந்ததை எழுதியிருக்கலாமே ஐயா. கரையில் அரிவாள் பிடிப்பவர் நீங்கள் எழுதியதைத்தான் படிப்பார்.

சம்மட்டி:

துளை என்றதும் ஞாபகம். திவாரே அணை, ரத்னகிரி மாவட்டம், 2019 ஜூலை 2. உடைந்ததற்கு நண்டுதான் காரணம் என்று ஓர் அமைச்சர் சொன்னார், நாடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நண்டு, எலி, முள்ளம்பன்றி எல்லாமே கரையைக் குடையும், அது ஆய்வில் பார்க்க வேண்டியதுதான். ஆனால் கசிகிறது என்று முன்பே புகார் கொடுத்ததாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். நண்டு மேல் பழி போடுவதற்கு முன்னால் புகார்ப் பதிவேட்டை யாராவது திறந்திருக்கலாம்.

கீழ்மடை:

எல்லோரும் கரையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஒருநாள் கீழே இறங்கி நடந்தேன்.

5 மீட்டர் அணை. சட்டத்துக்குக் கண்ணில்லாத உயரம். இந்திய அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 பிடிப்பது 15 மீட்டருக்கு மேல், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 வரை. இங்கிலாந்தில் உயரத்தைப் பார்ப்பதில்லை, 25,000 கன மீட்டர் தண்ணீர் என்று கொள்ளளவைப் பார்க்கிறார்கள். என் அணை கோப்பில் "கீழே விளைநிலம் மட்டும்" என்று எழுதி, அபாயம் குறைவு என்று முத்திரை குத்தியிருந்தது. கோப்பு எழுதியபோது அது உண்மையாகத்தான் இருந்திருக்கும். நான் நடந்தபோது ஓடைக் கரையை ஒட்டி இருபுறமும் வீடுகள். சில வீட்டின் வாசற்படி ஓடைக்குள்ளேயே இறங்குகிறது. அணையில் ஒரு கல்கூட மாறவில்லை, கீழே எல்லாம் மாறிவிட்டது.

ஒரு அம்மா நான் கையில் டேப் வைத்திருப்பதைப் பார்த்து, என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். மேலே கரையைப் பார்த்தார், தன் வாசலைப் பார்த்தார். "உடைஞ்சா எங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கும்?" என்றார். உடையுமா என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்து அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். இதற்கு இல்லை. தூரம் 600 மீட்டர், தண்ணீர் வினாடிக்கு 2 மீட்டர் வந்தாலும் ஐந்து நிமிடம். அதைத்தான் சொன்னேன். "ராத்திரியிலயும் அஞ்சுதானா?" என்று கேட்டார்.

கெல்லி பார்ன்ஸ் உடைந்தது ராத்திரி ஒன்றரை மணிக்கு. 12 மீட்டர் அணை, 39 பேர்.

அபாய வகையை மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன். மாற்றினால் கலிங்கைப் பெரிதாக்க வேண்டும், பணம் யார் போடுவது என்று கோப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது.

சம்மட்டி:

ஐந்து நிமிடம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியில்லை. உடைப்பு ஒரே அடியாகத் திறக்காது. மண் அணையில் உடைப்பு முழுதாக விரியச் சில நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரைகூட ஆகும். அதைச் சேர்க்க வேண்டாமா?

கீழ்மடை:

சேர்க்கலாம், அந்த நேரத்தில் கரையில் யாராவது நின்று பார்த்துக்கொண்டிருந்தால். அந்த அணைக்குக் காவல் இல்லை, போன் எண் எழுதிய பலகைகூட இல்லை. அதனால் தண்ணீர் வாசலுக்கு வருகிற நேரத்தை மட்டும் கணக்கில் வைத்தேன். ஷீட்டை அனுப்புகிறேன், உங்கள் உடைப்பு நேரத்தைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். அந்தப் போன் எண் பலகைச் செலவையாவது இந்த வருடக் கணக்கில் சேர்க்க ஏதாவது தலைப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கலிங்குமேடு:

பராமரிப்பு, சில்லறைச் செலவு. பலகையோடு காவல்காரர் கூலியையும் அதிலேயே கேளுங்கள், தனியாகக் கேட்டால் வராது.